மூன்றாவது மாடி ஃப்ளாட், டைல்ஸ் மேலேயே லேமினேட் ஃப்ளோரிங்: 8 மி.மீ. போதுமா, 12 வேண்டுமா?

மேடவாக்கம்வாசி:

வணக்கம். சென்னையில் மூன்றாவது மாடி ஃப்ளாட். பில்டர் போட்டுக் கொடுத்த 2க்கு 2 வெள்ளை விட்ரிஃபைடு டைல்ஸ், பல இடங்களில் கீறலும் கறையுமாக இருக்கிறது. உடைத்து எடுக்க மனசில்லை. தூசி, சத்தம், குப்பை இறக்கும் கூலி, அசோசியேஷன் அனுமதி என்று தலைவலி. மாமியாருக்கு மார்கழி, தை மாதங்களில் தரை ஜில்லென்று ஏறுகிறது, வீட்டுக்குள்ளேயே செருப்போடுதான் நடக்கிறார். அதனால் டைல்ஸ் மேலேயே வுடன் ஃப்ளோரிங் போட்டுவிடலாம் என்று யோசனை. அசல் மரத்துக்கு பட்ஜெட் இல்லை, லேமினேட்தான்.

பெட்ரூம் ஒன்று 12க்கு 11, இன்னொன்று 11க்கு 10, ஹால் 20க்கு 11. மொத்தம் 462 சதுர அடி.

வந்த ரேட், அடியில் விரிக்கும் ஃபோமும் கூலியும் சேர்த்து சதுர அடிக்கு: 8 மி.மீ. ஏசி3 (தேய்மானம் தாங்கும் கிரேடு) 115 ரூபாய், 8 மி.மீ. ஏசி4 140, 12 மி.மீ. ஏசி4 190. சுவரடியில் அடிக்கும் ஸ்கர்ட்டிங் பட்டை தனி.

ஒருவர், "சார், தரையில ஒண்ணும் செய்ய வேண்டாம், ஒரே நாள்ல முடிச்சுக் கொடுத்துடறேன்" என்கிறார். இன்னொருவர் மட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, ஹாலில் பால்கனிப் பக்கம் பள்ளம், அதைச் சரிசெய்யத் தனியாக 9,000 ஆகும் என்கிறார். 12 மி.மீ. போட்டால் பள்ளம் தெரியாது என்று முதல் ஆள் சொல்வது உண்மையா? யாரை நம்புவது?

டபராசெட்:

மரப் படத்தை அட்டையில் ஒட்டி விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம். நம் ஊர் ஈரத்துக்கு இது தாங்காது. டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

உளிச்சத்தம்:

இதே தொழிலில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேடவாக்கம் சார், 9,000 கேட்டவரைத்தான் நான் முதலில் கூப்பிடுவேன். அவர் ரேட் சரியா என்பது வேறு விஷயம், ஆனால் மட்டம் வைத்துப் பார்த்த ஆள் அவர் ஒருவர்தான்.

லேமினேட்டைத் தரையில் ஒட்டுவதில்லை, ஆணி அடிப்பதில்லை. பலகைகள் ஒன்றோடொன்று கிளிக் ஆகி, ஃபோம் மேல் ஒரே விரிப்பாகச் சும்மா கிடக்கும். கீழே பள்ளம் இருந்தால் அந்த இடத்தில் நடக்கும்போதெல்லாம் பலகை அமுங்கி எழும். பாரம் முழுக்க, ஒரு பலகையை அடுத்ததில் மாட்டுகிற அந்தக் கிளிக் நாக்கின் மேல். கொஞ்ச நாளில் நாக்கு உடையும், இணைப்பு விலகும், அந்த இடைவெளியில் துடைக்கிற தண்ணீர் இறங்கும். 12 மி.மீ. பலகை அவ்வளவு சுலபமாக வளையாது என்பது உண்மைதான். அதற்காகப் பள்ளம் மறைந்துவிடாது, டொக் டொக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு மீட்டர் நீள மட்டப்பலகையை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் கீழே 3 மி.மீ.க்கு மேல் சந்து தெரியக் கூடாது. பெரும்பாலான கம்பெனிகளின் பொருத்தும் குறிப்பிலும் ஏறக்குறைய இதே கணக்குதான் இருக்கும்.

ஃபோமை இரண்டு மடிப்பாகப் போட்டுப் பள்ளத்தை நிரப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் அப்படியே வாசலுக்கு வழி காட்டுங்கள். மெத்தென்று இருந்தால் நாக்கு இன்னும் சீக்கிரம் உடையும்.

அடுத்து கனமா, கிரேடா என்ற கேள்வி. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. பலகையில் நான்கு அடுக்கு உண்டு. மேலே அலுமினியம் ஆக்சைடு கலந்த மெலமைன் படலம், அதன் கீழே மர டிசைன் அச்சடித்த காகிதம், அப்புறம் எச்டிஎஃப் எனப்படும் அழுத்திய மரநார்ப் பலகை, அடியில் வளையாமல் பிடித்து வைக்க ஒரு பேக்கிங் தாள். ஏசி எண் மேல் படலத்தின் தேய்மானத் தாங்குதிறனுக்கு. ஈஎன் 13329 என்ற ஐரோப்பியத் தரத்தின்படி, உப்புத்தாள் சக்கரத்தைச் சுற்றவிட்டு எத்தனை சுற்றில் அச்சு தேய ஆரம்பிக்கிறது என்று பார்த்து இந்த எண்ணைக் கொடுப்பார்கள். 12 மி.மீ. ஏசி3யும் உண்டு, 8 மி.மீ. ஏசி5ம் உண்டு. வீட்டு பெட்ரூமுக்கு ஏசி3 போதும். ஹாலும் சேர்ந்தால் ஏசி4. ஏசி5 கடை, ஆபீசுக்கு.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 8 மி.மீ. ஏசி4 எடுத்துக்கொண்டு, 12க்குத் தருவதாக இருந்த பணத்தில் தரை மட்டத்தைச் சரிசெய்வேன்.

மேடவாக்கம்வாசி:

ரொம்ப நன்றி அண்ணா. அந்தப் பள்ளத்தை எதை வைத்து நிரப்புவார்கள்? சிமெண்ட் பூசினால் பளபள டைல்ஸ் மேல் நிற்குமா?

சிவில்பொறி:

நிற்காது. விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரையே உறிஞ்சாது, சாதா சிமெண்ட் பால் எப்படிப் பிடிக்கும்? முதலில் பினாயில் பிசுக்கு போகக் கழுவி, உறிஞ்சாத தரைக்கென்றே வரும் பிரைமர் அடித்து, அதன் மேல் தானே பரவி மட்டமாகிற செல்ஃப் லெவலிங் காம்பவுண்ட் ஊற்ற வேண்டும். அது முழுக்கக் காய்ந்த பிறகுதான் ஃபோம். பிரைமர் இல்லாமல் ஊற்றினால் சில மாதங்களில் செதில் செதிலாகப் பெயர்ந்து, பலகைக்கடியில் மணல் நெரிபடுகிற சத்தம் கேட்கும்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் நான்கு மூலையிலும் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் வருகிற டைல் அடியில் பிடிப்பில்லாமல் இருக்கிறது. அந்த ஒன்றிரண்டை மட்டும் எடுத்து ஒட்டிவிட வேண்டும்.

ஈரம் பற்றி டபராசெட் சொன்னதை அப்படியே தள்ள வேண்டாம். மூன்றாவது மாடி என்பதால் மண்ணிலிருந்து ஈரம் ஏறாது. தரைத்தளமாக இருந்தால் என் பதிலே வேறு. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் 2015லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வீட்டுக்குள் தண்ணீர் வந்த தெருக்களில் எச்டிஎஃப் போடுவது பணத்தைக் கூவத்தில் போடுவது மாதிரி. வெள்ளமே வராத இடமானாலும், தரைத்தளத்தில் ஒரு சோதனை செய்யாமல் இறங்கக் கூடாது. இரண்டடிச் சதுர பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டு எடுங்கள். தாளின் அடியில் வேர்த்திருந்தாலோ தரை நிறம் கறுத்திருந்தாலோ அந்தத் தரை இன்னும் தயாராகவில்லை. புதுக் கட்டட சிமெண்ட் தரைக்கும் இதே சோதனைதான்.

மாடி வீடானாலும் ஃபோமுக்கு அடியில் 0.2 மி.மீ. பாலித்தீன் தாள் போடச் சொல்லுங்கள். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி டேப் ஒட்டியிருக்க வேண்டும். பெரிய செலவில்லை.

மொட்டைமாடி:

தொழில் தெரிந்தவர்கள் போடுவதைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள். போட்ட பிறகு அதோடு குடித்தனம் நடத்துவதை நான் சொல்கிறேன். அண்ணா நகரில் எங்கள் வீட்டில் ஹாலிலும் பெட்ரூமிலும் போட்டிருக்கிறோம்.

பெட்ரூமைப் பற்றி ஒரு குறையும் இல்லை. காலுக்கு இதமாக இருக்கிறது, பேரன் தரையிலேயே உருண்டு விளையாடுகிறான். ஹால்தான் பாடாய்ப் படுத்துகிறது. வேலைக்கு வரும் அம்மா பக்கெட்டில் முக்கிய துணியைச் சொட்டச் சொட்டப் போட்டுத் துடைத்துத்தான் பழகியவர். ஒட்டப் பிழிந்து துடைக்க வேண்டும் என்று சொன்னால், "அப்ப அழுக்கு எப்படிக்கா போவும்?" என்று கேட்கிறார், நியாயமான கேள்வி! கடைசியில் ஹாலுக்கு மட்டும் மைக்ரோஃபைபர் மாப் வாங்கி நானே துடைக்கிறேன். பூஜை அலமாரி ஹாலில்தான். விளக்கு எண்ணெய் சொட்டினால் துடைத்துவிடலாம், ஆனால் மாக்கோலம் போட முடியாது. ஈரம் ஊறும், பிறகு தேய்த்துக் கழுவவும் முடியாது. ஒரு மணைப்பலகை வைத்து அதன் மேல் போட்டுக்கொள்கிறேன்.

ஸ்பிளிட் ஏசியின் டிரெயின் குழாய் ஒரு முறை அடைத்து, ராத்திரி முழுக்கச் சுவரோரம் தண்ணீர் இறங்கியது. காலையில் பார்த்தால் அந்த வரிசை முழுக்க ஓரங்கள் தூக்கிக்கொண்டு நின்றன. காய்ந்த பிறகும் பழையபடி ஆகவில்லை. எச்டிஎஃப் ஊதினால் ஊதினதுதான். மிச்சம் எடுத்து வைத்திருந்த பலகைகள் இருந்ததால் தப்பித்தோம், அதே டிசைன் கடையில் அப்போது வருவது நின்றுபோயிருந்தது. நீங்களும் ஒரு பெட்டியாவது கட்டிலுக்கடியில் போட்டு வையுங்கள்.

டபராசெட்:

நான் சொன்னபோது யாரும் கேட்கவில்லை, மேடம் சொன்னதும் எல்லோருக்கும் புரிகிறது. சரி, தண்ணீர்தான் பிரச்சினை என்றால் எஸ்பிசி என்கிற பிளாஸ்டிக் கலந்த பலகை போடலாமே? கடைக்காரர் மீன்தொட்டியில் போட்டு வைத்திருக்கிறார், ஒன்றும் ஆகவில்லை.

உளிச்சத்தம்:

பலகைக்கு ஒன்றும் ஆகாது. சுண்ணாம்புக்கல் பொடியும் பிவிசியும் கலந்த பொருள், ஊறுவதற்கு அதில் மரமே இல்லை. ஆனால் இணைப்பு வழியாக அடியில் போன தண்ணீர் அங்கேயே தங்கி நாற்றம் எடுக்கும், அதை யாரும் தொட்டியில் போட்டுக் காட்டுவதில்லை. 4 முதல் 6 மி.மீ. கனம்தான் என்பதால் தரை மட்டம் இதற்கும் அவ்வளவே முக்கியம். நேர் வெயில் விழும் பால்கனிக் கண்ணாடிக் கதவோரம் சூடேறி நீளும். காலுக்கு லேமினேட் அளவுக்குக் கதகதப்பாகவும் இருக்காது, சார் மாமியாருக்காகத்தானே போடுகிறார். சமையலறைக்கோ தண்ணீர் புழங்கும் ஹாலுக்கோ கேட்டால் எஸ்பிசி என்பேன். பெட்ரூமுக்கு லேமினேட்.

கடையில் லேமினேட் சாம்பிள் துண்டு கேட்டால் தருவார்கள். இரண்டு மூன்று பிராண்ட் துண்டுகளை வாங்கி, கனத்தை அளந்து குறித்துக்கொண்டு, ஒரு ராத்திரி பக்கெட் தண்ணீரில் போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எது எவ்வளவு ஊதுகிறது என்று நேரிலேயே தெரிந்துவிடும். சேல்ஸ்மேன் பேச்சை விட இது நம்பகமானது.

பனிக்காடு:

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே வீட்டுக்கு வீடு லேமினேட்தான், ஆனால் எங்கள் பிரச்சினை உங்களுக்கு நேர் எதிர். பனிக்காலத்தில் ஹீட்டர் ஓடி வீட்டுக்குள் காற்று வறண்டு, பலகை சுருங்கி, இணைப்புகளில் மயிரிழை இடைவெளி தெரியும். கோடையில் தானே மூடிக்கொள்ளும். உங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் விரியும். எந்த ஊராக இருந்தாலும் சுவரோரம் 10 மி.மீ. இடைவெளி விட்டே ஆக வேண்டும். சுவரோடு ஒட்டிப் போட்டால் விரிய இடமில்லாமல் அறை நடுவில் எழும்பி நிற்கும்.

எங்கள் பழைய வாடகை வீட்டில் பேஸ்மெண்டுக்கும் படிக்கட்டுக் கூடத்துக்கும் நடுவே வாசல் பட்டை எதுவும் இல்லாமல் ஒரே போக்காக இழுத்துவிட்டிருந்தார்கள். பார்க்க அழகு, ஆனால் ஒரு கோடையில் வாசலில் எழும்பிக் கதவே திறக்கவில்லை. ஒவ்வொரு அறை வாசலிலும் டி புரொஃபைல் என்கிற வாசல் பட்டை போட்டுப் பிரித்துவிடுங்கள்.

இன்னொன்று, பெட்டிகள் வந்த உடனே போட ஆரம்பிக்கக் கூடாது. 48 மணி நேரம் அந்த அறையிலேயே படுக்கை வாட்டில் கிடக்கட்டும். ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்ற ஆள் இதை எப்போது செய்வார் என்று கேளுங்கள்.

இங்கே அடுக்குமாடி நிர்வாகங்கள் பலவும் கீழ் வீட்டுக்குச் சத்தம் போகாத தரத்தில் ஃபோம் போட்டால்தான் அனுமதி தரும். உங்கள் அசோசியேஷன் கேட்கிறதோ இல்லையோ, கீழ் வீட்டுக்காரர் முகத்தில் தினமும் விழிக்கப்போவது நீங்கள்தான்.

மேடவாக்கம்வாசி:

எல்லாவற்றையும் வீட்டில் படித்துக் காட்டினேன். ஹாலை விட்டுவிடுவது என்று முடிவாகிவிட்டது. பூஜை அலமாரியும் எங்களுக்கு அங்கேதான், பால்கனிக் கதவு வழியாகச் சாரலும் அடிக்கும். பள்ளமும் அந்தப் பக்கம்தான், அதனால் 9,000 மிச்சம். இரண்டு பெட்ரூமிலும் மட்டம் வைத்துப் பார்த்தாயிற்று, 3 மி.மீ.க்குள் இருக்கிறது.

இப்போது பில்லில் சிக்கல். 132ம் 110ம் சேர்ந்து 242 சதுர அடி. கான்ட்ராக்டர் வேஸ்டேஜ் சேர்த்து 290 போட்டிருக்கிறார். நியாயமா?

உளிச்சத்தம்:

நேராகப் போடுகிற சதுர அறைகளுக்கு 20 சதவீத வேஸ்டேஜ் ரொம்ப அதிகம். 7, 8 சதவீதம் போதும். குறுக்காகச் சாய்த்துப் போட்டால் கூடும்.

பெட்டிக் கணக்கில் பேசுங்கள். வழக்கமான 8 மி.மீ. பலகை 1215க்கு 195 மி.மீ., பெட்டிக்கு 8 பலகை என்றால் 20.4 சதுர அடி வரும். 242க்கு 8 சதவீதம் கூட்டினால் 261. அப்படியானால் 13 பெட்டி, 265 சதுர அடி. அதற்கு மேல் பில் போட்டால் மீதிப் பலகை உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். மொட்டைமாடி அம்மா சொன்ன மாதிரி ஒரு பெட்டி கூட வாங்கி வைத்துக்கொள்வது வேறு, அது உங்கள் விருப்பம். எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண் ஒன்றுதானா என்று பாருங்கள். போடும்போது மூன்று நான்கு பெட்டிகளைத் திறந்து கலந்து எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரே முடிச்சு டிசைன் பக்கத்தில் பக்கத்தில் வந்து அச்சு என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வேலைக்காரர் கையை எடைபோட ஒரு வழி சொல்கிறேன். உங்கள் பெரிய அறை 11 அடி அகலம், அதாவது 3353 மி.மீ. இரண்டு ஓரமும் 10, 10 கழித்தால் 3333. இதை 195ஆல் வகுத்தால் 17 முழு வரிசை போக மிச்சம் 18 மி.மீ.தான். கணக்குப் போடாமல் ஆரம்பிக்கிறவர் கடைசியில் விரல் அகலத் துண்டு ஒன்றைச் சுவரோரம் செருக வேண்டிவரும், அது நிற்காது. தெரிந்தவர் முதல் வரிசையையே நீளவாக்கில் கிழித்து, இரண்டு ஓரத்திலும் 106 மி.மீ. சொச்சம் வருகிற மாதிரி பிரித்துக்கொள்வார், நடுவில் 16 முழு வரிசை. முதல் பலகையை வைக்கும் முன் அவர் டேப்பை எடுத்து அகலத்தை அளக்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்தடுத்த வரிசைகளில் பலகை முனைகள் சேருகிற இணைப்புகள் ஒரு அடியாவது தள்ளி வர வேண்டும். சுத்தியலை நேராகப் பலகை ஓரத்தில் அடித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்கென்று தட்டுக்கட்டை உண்டு, கடைசி வரிசையை இழுக்க இரும்புப் பட்டை உண்டு. இவை இரண்டும் சுவரோரம் வைக்கிற ஆப்பும் இல்லாத பையோடு வருகிறவர் டைல்ஸ் வேலைக்காரராக இருப்பார்.

மொட்டைமாடி:

பெட்ரூமில் அட்டாச்டு பாத்ரூம் இருக்கிறதா? வாசல் கிரானைட் படி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தீர்களா? பலகை 8, ஃபோம் 2, மொத்தம் 10 மி.மீ. தரை ஏறிவிடும். எங்கள் வீட்டில் படி ஏறக்குறைய அதே உயரம்தான் இருந்தது. போட்ட பிறகு படியும் தரையும் ஒரே மட்டம், குளித்த தண்ணீர் நேராக அறைக்குள். பிறகு படியின் மேல் இன்னொரு கல் ஒட்டினோம்.

பீரோவையும் கேட்க மறந்துவிட்டேன், இரும்பு பீரோ இருக்கிறதா?

மேடவாக்கம்வாசி:

படி 20 மி.மீ. இருக்கிறது, நல்லவேளை. பீரோ ஒன்று உண்டு, மாமியாரின் கல்யாணச் சீர், அசைக்கவே நான்கு பேர் வேண்டும். சுவரோடு அடித்த வார்ட்ரோபும் இருக்கிறது.

சிவில்பொறி:

வார்ட்ரோபுக்கு அடியில் தரையைக் கொண்டுபோக வேண்டாம், அதன் முன்னால் இடைவெளி விட்டு நிறுத்திப் பட்டை அடித்துவிடலாம். பீரோவைச் சுவரோரம் ஒரே பக்கத்தில் வைத்தால் பாதகமில்லை. எதிரெதிர்ச் சுவரில் இரண்டு கனமான சாமான் வைத்து இரண்டு பக்கமும் தரையைப் பூட்டிவிடக் கூடாது. கால்களுக்கடியில் அகலமான கட்டை கொடுங்கள், பாரம் பரவும்.

கரையான் மருந்து அடித்து எத்தனை வருஷம் ஆகிறது என்பதையும் பாருங்கள். எச்டிஎஃப் அதற்கு நல்ல தீனி. மரநிலையில் மண்கோடு தெரிந்தால் முதலில் அதைக் கவனியுங்கள்.

மேடவாக்கம்வாசி:

வேலை முடிந்தது. மட்டம் பார்த்தவரிடமே கொடுத்தேன். பெட்டிகள் இரண்டு நாள் அறையில் கிடந்த பிறகுதான் பிரித்தார். முதல் பலகைக்கு முன் டேப்பை எடுத்து அளந்து, சுவரில் பென்சிலால் கணக்குப் போட்டார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறுப்பதெல்லாம் பால்கனியில் வைத்து அறுத்ததால் தூசி உள்ளே வரவில்லை. கதவு இரண்டையும் கழற்றி அடியில் இழைத்துக் கொடுத்தார். ஸ்கர்ட்டிங்கைத் தரையோடு ஒட்டாமல் சுவரில் மட்டும் அடித்தார். ஹால் டைல்ஸோடு சேருகிற வாசலில், உயர வித்தியாசத்தைச் சரிவாக்கும் ரீட்யூசர் பட்டை. பாத்ரூம் படியோரம் சிலிக்கான்.

செலவு: 13 பெட்டி, 265 சதுர அடி, 140 ரூபாய் வீதம் 37,100. ஸ்கர்ட்டிங் 80 அடி, அடிக்கு 60 வீதம் 4,800. ரீட்யூசர், கதவு இழைப்பு 2,400. ஆக 44,300. கூடுதல் பெட்டி வாங்கவில்லை, மீந்த பலகை நான்கை எடுத்து வைத்திருக்கிறேன். மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டார், ஆனால் நிறம் கொஞ்சம் கறுப்பு என்று குறை சொல்கிறார்.

ஒரு சின்னச் சந்தேகம். கதவு சுவரில் இடிக்காமல் இருக்க முன்பு தரையில் மேக்னட் ஸ்டாப்பர் இருந்தது. அதைப் பலகையில் துளை போட்டுத் திரும்ப மாட்டிவிடலாமா? எலக்ட்ரீஷியன் டிரில்லோடு நாளைக்கு வருகிறார்.

உளிச்சத்தம்:

வேண்டவே வேண்டாம். திருகு பலகையைத் தாண்டி டைல்ஸில் இறங்கினால் அந்த மூலை அசையாமல் பூட்டிக்கொள்ளும், மழைக்காலத்தில் விரிகிறபோது எதிர்ப்பக்கம் எழும்பும். கதவுக்குப் பின்னால் சுவரிலோ ஸ்கர்ட்டிங்கிலோ மாட்டச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியனிடம் இன்றைக்கே போனில் சொல்லிவிடுங்கள், நீங்கள் ஆபீஸ் போன பிறகு வந்து துளை போட்டுவிடுவார்.